துரைக்குத் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் காய்

அன்பு மகளுக்கு,

அப்பாவோடு சண்டை போட்டுக் கிளம்பிய அன்று, வாசலில் நின்று, "துரையைப் பட்டினி போட்டுட மாட்டாரேம்மா?" என்று கேட்டாய். பட்டினியா! உன்னிடம் காட்டத் தெரியாத பாசத்தையெல்லாம் உன் முயலுக்குக் காயாக நறுக்கிப் போட்டார். ஒரே நாளில் கேரட், முட்டைக்கோஸ், கீரை. மறுநாள் துரை வயிறு கெட்டு மூலையில் சுருண்டுவிட்டான்.

"விருந்தா வச்சீங்க, சார்?" என்று மருத்துவர் அப்பாவை ஒரு பிடி பிடித்துவிட்டார். "காய்ஞ்ச புல்லுதான் இவனுக்குச் சாப்பாடு. காய் சும்மா தொட்டுக்க. தேறட்டும், அப்புறம் ஒரு காய் மட்டும் துளி குடுத்து, ஒத்துக்குதான்னு ஒரு நாள் பாருங்க."

துரை தேறிவிட்டான். நேற்று அப்பா ஒரே ஒரு கொத்தமல்லி இலையை நீட்டிவிட்டு, அவன் மெல்லுவதைப் பார்த்தபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அவ கேட்டா, நல்லா இருக்கான்னு சொல்லு."

"நீங்களே சொல்லுங்களேன்."

அப்பா துரையின் பக்கம் திரும்பி அவன் காதைத் தடவிக்கொடுத்தார்.

டீச்சர் வேலையில் இருந்தபோது, முதல் நாளே பிள்ளைகளுக்கு நான் பெருக்கல் நடத்தியதில்லை. நீயும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேசித் தீர்க்க வேண்டாம். இன்று அப்பாவுக்குப் போன் செய்து, "துரை சாப்பிட்டானாப்பா?" என்று மட்டும் கேள்.

உன் அம்மா