நான் நின்ற இடம்

அன்பு மகளுக்கு,

நேற்றைய கூடைப்பந்து ஆட்டம் முடிந்ததும் என் கையைக் குலுக்கி, "வாழ்த்துகள், மேடம்" என்றாய். அம்மா என்று அழைக்காததற்காக இதை எழுதவில்லை. எதிரணியின் பயிற்றுநரை அவ்வாறு அழைப்பதே முறை.

பன்னிரண்டு நொடிகள் மீதமிருக்க, நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். உங்களில் ஒருத்தியை ஃபவுல் செய்து, அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தாவது கடிகாரத்தை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

"யாரைக்கா பிடிக்கிறது?" என்றாள் எங்கள் கேப்டன்.

"என் பொண்ணைப் பிடி."

"அவ மிஸ்ஸே பண்ண மாட்டாளேக்கா!"

"இன்னைக்குப் பண்ணுவா."

இந்தப் பருவத்தில் நீ தவறவிட்ட ஃப்ரீ த்ரோக்கள் நான்கே. நான்கு முறையும் உன் கண்ணில் படும் இடத்தில் நான் இருந்தேன். இதை நீயே அறிந்திருக்க மாட்டாய். ஆகவே நேற்று நீ பந்தை வாங்கத் திரும்பியபோது, எல்லைக்கோட்டருகே வந்து நின்றேன். இரண்டும் தவறின. திரும்பி வந்த பந்தை எடுத்துப் போய்க் கூடையில் போட்டு நாங்கள் வென்றோம்.

எனக்குப் பயிற்றுநர் எவரும் வாய்க்கவில்லை. சுவரில் நானே அறைந்த இரும்பு வளையத்தில் எறிந்து கற்று, நாட்டுக்காகப் பதினோரு ஆண்டுகள் ஆடினேன். என் வீட்டார் ஒருவரும் வந்து பார்த்ததில்லை. பார்க்கப்படுவது இத்தனை பாரமென்று எனக்குத் தெரியாமலே போயிற்று.

உன் அறை இன்னும் தாழிட்டே இருப்பதால், இதைக் கதவடியில் தள்ளுகிறேன். ஆளுக்கொரு ஆட்டம் வென்றிருக்கிறோம். கோப்பையை முடிவு செய்வது நாளைய ஆட்டம். என் அணிக்கு நான் துரோகம் செய்ய இயலாது. நாளையும் அதே இடத்தில்தான் நிற்பேன்.

என்னைப் பார்த்துக்கொண்டே போடு.

அடுத்த அறையிலிருந்து,
எதிரணியின் பயிற்றுநர்,
உன் அம்மா.