மூடியில் எழுதிய எண்

என் அன்புக்குரியவருக்கு,

நானும் பாப்பாவும் நலம். அவளுக்கு இருமல் விட்டுவிட்டது. நேற்று போனைப் பாதியில் வைத்துவிட்டீர்களே, மீதியை இதில் எழுதுகிறேன். கடிதத்தைத் துண்டிக்க முடியாது பாருங்கள்.

ஆய்வுக்கூடத்தில் பூனை மலம் அலசுகிறவள் என்று தெரிந்துதானே என்னைக் கட்டிக்கொண்டீர்கள்? மூக்கைப் பிடித்துக்கொண்டு படியுங்கள். பள்ளிக்கூடத் தெருப் பூனைகளுடையது பன்னிரண்டு டப்பா, காட்டுப் பூனைகளுடையது பன்னிரண்டு. எண்ணை டப்பாவின் உடம்பிலேயே எழுத வேண்டும். நான் அவசரத்தில் மூடியில் மட்டும் எழுதி, எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து, மூடிகளை மாற்றிப் போட்டுவிட்டேன். நுரையீரல் புழுவின் முட்டை தெருப் பூனைகளிடம் இருப்பதாக அறிக்கை போய்விட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் தொற்றிவிடும் என்று பயந்து நகராட்சி அவற்றைப் பிடித்துக் கொல்ல உத்தரவு போட்டது.

திங்கட்கிழமை, தெருப் பூனை மூடி போட்டிருந்த டப்பாக்களை மறுபடி அலசினேன். சல்லடையில் ஓடை நண்டின் ஓட்டுத் துண்டுகள்! அந்தப் புழு நண்டு தின்கிற பூனைக்குத்தான் வரும். பள்ளிக்கூடத் தெருவில் ஏது ஓடை, ஏது நண்டு? மூடிகளை மாற்றிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மேலதிகாரியிடம் ஓடினேன். "அடுத்த மாசம் உனக்கு வேலை நிரந்தரமாகுது. பூனைக்காகக் கெடுத்துக்காதே, பேசாம இரு" என்றார். நேற்று போனில் நீங்களும் அதையேதான் சொன்னீர்கள். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டீர்களா?

எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. அதற்காக, தப்பு செய்தவள் நான், சாவது பூனைகளா? நீங்கள் போனை வைத்த கையோடு நகராட்சி அலுவலகத்துக்குப் போய், தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அங்கே அதை வாங்கிய அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யோசிச்சுத்தான் குடுக்குறியா?" என்று கேட்டார். யோசித்தால் கொடுக்க மாட்டேன், சீக்கிரம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

பூனை பிடிக்கும் வண்டி இன்று வரவில்லை. எனக்குத்தான் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விசாரணை. மூடியை மாற்றியதற்கு மன்னிப்புக் கேட்பேன். உண்மையைச் சொன்னதற்குக் கேட்க மாட்டேன், அவர்களிடமும் சரி, உங்களிடமும் சரி. வேலை போனால் போகட்டும்.

ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை காலை நான் கிளம்புவதற்கு முன் போன் செய்யுங்கள். புத்தி எதுவும் சொல்ல வேண்டாம். "போயிட்டு வா" என்று மட்டும் சொல்லுங்கள். அதை உங்கள் வாயால் கேட்டுவிட்டுப் போக வேண்டும் எனக்கு.

உங்கள்
பிடிவாதக்காரி