பீங்கான் தொட்டியில் ஒரு செங்கல்

விருத்தாசலம்
28-11-73

சௌபாக்கியவதி கனகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். வடக்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் செல்வமும் சுகமாக இருக்கப் பழமலைநாதர் துணை. ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு அழைத்துப்போக வருகிறோம் என்றீர்களே, எட்டாவது பிறந்தும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். "தலைச்சன் பிரசவத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போக வராதவங்க என்ன பெத்தவங்க" என்று உன் மாமியார் கேட்டாராமே. அவர் கேட்டதில் தப்பில்லை. படித்துவிட்டு அழுதேன், ஆத்திரமும் வந்தது.

எல்லாம் உன் அப்பாவின் தவளைகளால்தான். வெளிநாட்டுக்குத் தவளைக்கால் அனுப்புகிறவர்கள் ஏரியைத் துடைத்துவிட்டுப் போனதும் மிஞ்சிய சில ஜோடிகளைக் கொண்டுவந்து கொல்லையில் வைத்தாரே, அது இப்போது எங்கள் இருவருக்கும் கால்விலங்காகிவிட்டது. கோடை முழுக்கச் சேற்றில் புதைந்து கிடக்கும், அந்தச் சேறு காயாமல் நான் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஆடி மழையில் வெளியே வந்தால் துள்ளுகிற வெட்டுக்கிளிதான் வேண்டும், செத்ததைத் தொடாத மகாராஜாக்கள். ஐப்பசியில் ஆண் தவளைகள் மஞ்சளாக மாறிக் கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டு வீராயி "யக்கா, ஒங்க வூட்டுல தெனமும் கல்யாணமா இருக்குது" என்கிறாள். அப்புறம் முட்டை, தலைப்பிரட்டை, கால் முளைப்பது என்று ஒன்று மாற்றி ஒன்று. இவர் ஊரைத் தாண்டுவதில்லை, என்னையும் தனியாக அனுப்புவதில்லை. பக்கத்தில் இருக்கும் திட்டக்குடிக்குக்கூட நான் தனியாகப் போனவள் இல்லையே.

போன வருஷம் குஞ்செல்லாம் கால் முளைத்ததும் செத்து மிதந்தது நினைவிருக்கும். இந்த வருஷமும் அப்படியே ஆரம்பித்தது. தண்ணீரை மாற்றினார், தீனியை மாற்றினார். தொட்டியை மட்டும் சந்தேகப்படவில்லை. அவர் வேலை பார்த்த கம்பெனியில் கீறல் விழுந்து கழித்த பீங்கான் தொட்டிகள் அவை. எவ்வளவு பளபளப்போ அவ்வளவு தரம் என்று சூளையிலேயே பழகிய மனிதர் அவர். நேற்றுப் பாத்திரம் கழுவும்போது பார்த்தேன், வால் சுருங்கின ஒரு குஞ்சு மேலே ஏறப் பார்க்கிறது, வழுக்கி விழுகிறது, மறுபடி ஏறுகிறது. அதற்கு இனிமேல் தண்ணீருக்குள் மூச்சுவிட முடியாது. வெளியே வரவும் வழியில்லை. ஒரு செங்கல்லைச் சாய்த்துப் போட்டேன். அதைப் பிடித்து ஏறி உட்கார்ந்துகொண்டது.

அப்பா வந்து பார்த்தார். "அப்ப இத்தினி நாளா நாந்தான் கொன்னேனா" என்றார். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் விடவில்லை. "ஒங்க பொண்ணும் அங்க செவுத்தப் பாத்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்குது, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு டிரங்குப் பெட்டியை இறக்கினேன். இன்று காலை அவரே ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் எடுத்து வந்தார். ஒரே டிக்கெட். எல்லாத் தொட்டியிலும் செங்கல் போட்டாயிற்று, இனிமேலாவது வாருங்கள் என்று கெஞ்சினேன். கொல்லைப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவருக்கு எந்தக் கல்லைப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை கனகா.

ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறேன். கண்ணாடி வளையலும் சீர்ச் சாமானும் எடுத்தாயிற்று. பயமாகத்தான் இருக்கிறது, மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு வந்து நிற்கச் சொல். தண்ணீர்க் குடம் தூக்காதே. நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நூறு வயது இரு. திரும்பி வர நம் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்து வைக்க மாப்பிள்ளையிடம் சொல்ல மறந்துவிடாதே.

உன் அம்மா
அம்புஜவல்லி