சுண்டெலிக்கு முறை வந்துவிட்டது

மார்ச் 3

அன்புள்ள என்னங்க,

நம் குட்டிப்பெண் சுண்டெலிக்கு டாக்டரிடம் முறை வந்துவிட்டது! அடுத்த வியாழக்கிழமை! யாரோ வர முடியாமல் போய், அந்த நேரம் நமக்குக் கிடைத்திருக்கிறது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நான் போட்ட கூச்சலில் முதலாளியம்மா, "யாருக்கும்மா கல்யாணம்?" என்று ஓடி வந்துவிட்டார்.

காதில் கோளாறு இல்லை என்று போன மாதமே சொல்லிவிட்டார்கள். அடுத்த அறையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் பறந்து வருகிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை. இரண்டரை வயதாகியும் "அம்மா" வரவில்லை. ஆட்டிசமா என்று பார்க்கப் போகிறார்கள். அப்பா கவனித்ததும் வேண்டுமாம். போன லீவில் நீங்கள் பார்த்ததை எல்லாம் எழுதுங்கள். கப்பலில் போன் எடுக்காவிட்டாலும் மின்னஞ்சல் போகிறதே, அது போதும்.

உங்கள் வாயாடி

மார்ச் 5

அன்புள்ள வாயாடிக்கு,

நானும் நாலு வயதுவரை வாயே திறக்கவில்லை என்று அம்மா சொல்வார்கள். இப்போது இஞ்சின் அறையில் என் வாயை மூட ஆளில்லை. உன் வயிற்றில் பிறந்தவள் பேசாமலா இருந்துவிடுவாள்? அவசரப்பட்டுக் குழந்தைக்குப் பட்டம் கட்டாதே. தள்ளிப் போடு. நான் வந்ததும் பார்க்கலாம்.

உன் கப்பல்காரன்

மார்ச் 6

என்னங்க,

தள்ளிப் போட மாட்டேன். நீங்கள் வர மழைக்காலம் ஆகிவிடும். அதுவரை, அவளுக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதுகொண்டிருக்கவா? உங்கள்மேல் கோபமில்லை. கேட்டதை எழுதுங்கள், அவ்வளவுதான்.

வாயாடி

மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டால், சாப்பாடுகூட வேண்டாம் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ தடவை கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. மாதக்கணக்கில் விட்டுவிட்டுப் போகிற அப்பன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. டாக்டரிடம் சொல்லிவிடு.

உன்னவன்

மார்ச் 13

அன்புள்ள என்னங்க,

ஆட்டிசம்தான். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். ஆனால் அங்கே நடந்ததைக் கேளுங்கள்!

சோப்புக் குமிழி ஊதிக் காட்டிவிட்டு, புட்டியை இறுக மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். நம் பெண் என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் மூடியின்மேல் வைத்தாள். "பாத்தீங்களா? கேக்குறா! வாயால இல்ல, உங்க கையால கேக்குறா" என்றார். வீட்டில் தினமும் இப்படித்தானே இழுப்பாள்? நான் அதை அடம் என்றல்லவா நினைத்தேன்! வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

வேண்டியதன் படத்தை எடுத்துக் கொடுத்துக் கேட்கப் பழக்குகிறார்கள்; நாலைந்து படமும் கொடுத்தனுப்பினார்கள். பேச்சு எப்போது வரும் என்று இப்போதே சொல்ல முடியாதாம். ஆனால் இன்று காலை தண்ணீர்ப் படத்தை எடுத்து வந்து என் மடியில் போட்டாள்! அவசரத்தில் பாதித் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டுத்தான் மீதியைக் கொடுத்தேன்.

நீங்கள் எழுதியதை டாக்டரம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அப்பா மேல கோபமெல்லாம் இல்லைன்னு அவருக்கு எழுதுங்க. கூப்பிடுறது தன்னைத்தான்னு அவளுக்கு இன்னும் பிடிபடல" என்றார்.

உங்கள் வாயாடி

மார்ச் 16

அன்பே,

கடைசி வரியைப் படித்துவிட்டுப் பம்புக்குப் பின்னால் போய் அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகத் தலைமை இஞ்சினியரிடம் போய் நின்றேன். "போய்யா, குழந்தையைப் பாரு" என்று சொல்லிவிட்டார்! அடுத்த துறைமுகத்தில் என் இடத்துக்கு வேறு ஆள் ஏறுகிறார். பெட்டியைக் கட்டிவிட்டேன்.

ஒன்றை மட்டும் டாக்டரிடம் கேட்டு எழுது. நான் வந்து நிற்கும்போது அவள் என்னை நிமிர்ந்தே பார்க்காவிட்டால், நான் என்ன செய்ய வேண்டும்?

உன்னவன்

மார்ச் 18

அன்புள்ள என்னங்க,

கேட்டேன். பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார வேண்டுமாம். தூக்கக் கூடாது. அவள் எதைப் பார்க்கிறாளோ, நீங்களும் அதையே பார்க்க வேண்டும். அவளாக வருவாள். எவ்வளவு நேரமானாலும் நீங்கள் எழுந்து போகக் கூடாது.

சீக்கிரம் வாங்க.