கழிவுநீர்க் குளத்துக்கு இரண்டு ஓட்டு

ஏப்ரல் 28, திங்கள்
எங்கள் பள்ளிப் பறவைக் குழுவுக்கு வருடத்தில் ஒரே ஒரு பேருந்துப் பயணம். மே பத்து. எங்கே போவது என்று வியாழனன்று ஓட்டு. மூன்றாவது வருடமாக நான் சொல்லப்போவது அதே இடம்: ஊருக்குப் பின்னால் இருக்கும் கழிவுநீர்க் குளம். நேற்று வேலிக்கு வெளியே நின்றே இருநூறு உள்ளான்களை எண்ணி, இன்று குழுவின் பதிவேட்டில் எழுதினேன். வடக்கே போகிற வழியில் இங்கேதான் இறங்கித் தின்கின்றன. மற்றவர்கள் கேட்கும் ஏரிக்கரைச் சதுப்பில் என்ன இறங்குகிறது? சுற்றுலாப் பேருந்து.

மே 1, வியாழன்
தோற்றேன். பதினொன்றுக்கு இரண்டு. ஒன்று நான், இன்னொன்று ஒடெஸா, என் சிப்ஸைத் தின்ற பாவத்துக்கு.
குழுத்தலைவன் எவரெட் என்னைக் காட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு சொற்பொழிவு ஆற்றினான். "டில்லி கூட்டிட்டுப் போற இடத்துக்கு பைனாகுலர் வேணாம்பா, மூக்குக்கு ஒரு கிளிப் போதும்." எல்லோரும் சிரித்தார்கள். கிண்டல் என் துறை! அதிலுமா கை வைப்பான்?

மே 2, வெள்ளி
மழை. எவரெட்டின் காரில் வீடு வந்தேன். கார் நாறுகிறது. எனக்குத் தெரியாத நாற்றமா அது? பின்சீட்டுக்குக் கீழே குளத்துச் சேறு அப்பிய பூட்ஸ்.
இணையத்தில் அவன் பறவைப் பட்டியல்களைத் தேடினேன். ஒரு வாரமாகத் தினமும் காலை ஆறு மணி. இடம்: மறைக்கப்பட்டது.
அயோக்கியன்! எங்களைச் சிரிக்க வைத்துவிட்டுத் தனியாக அள்ளுகிறான். குழு அரட்டையில் போட எல்லாவற்றையும் தட்டி வைத்துவிட்டேன். நாளை கையும் களவுமாகப் பிடித்துவிட்டு அனுப்புவேன்.

மே 3, சனி
குளத்தின் கிழக்குக் கரையில் பிடித்தேன். "என்னடா, கிளிப் எங்க?"
"மெதுவா பேசுடி!"
"ஏன்? ஊருக்கே கேக்கட்டும்."
தொலைநோக்கியை என் பக்கம் திருப்பினான். சேற்று மேட்டில் ஒரு பவளக்கால் உள்ளான், குச்சிக் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தது. எழுந்தபோது கீழே நான்கு முட்டைகள். எங்கள் மாவட்டத்தில் அது கூடு வைத்து யாரும் பார்த்ததில்லை.
"வெளிய தெரிஞ்சா சாயங்காலமே அம்பது கேமரா வந்துடும். அது எந்திரிச்சுப் போயிடும். முட்டை ஆறிடும்."
"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"
"உங்கிட்டயா? போன வருஷம் போன்ல ஆந்தையைக் கத்த வெச்சு அறுபது பேரைப் புதர் முன்னாடி நிக்க வெச்சவகிட்டயா?"
அறுபத்திநான்கு பேர். இருந்தாலும்! நியாயம் அவன் பக்கம் இருப்பதுதான் இன்னும் எரிச்சல். தட்டி வைத்ததை அழித்தேன்.

மே 5, திங்கள்
அநியாயம். எங்கள் குழுவைப் பார்த்துக்கொள்ளும் ரூத்தேன் மிஸ் வந்ததும், "டில்லி சொன்னதுல விஷயம் இருக்கு. இருநூறுன்னா சும்மாவா? குளத்துக்கே போலாம். கை தூக்குங்க" என்றார்.
இப்போதா? மூன்று வருடம் கழித்து இப்போதா? பத்துக் கைகள்.
"மிஸ்... அந்த இருநூறு நான் சும்மா அடிச்சு விட்டது."
எவரெட் வாயைத் திறந்தான். அவன் காலை மிதித்தேன்.
பொய்க் கணக்கு எழுதியவளை எங்கள் குழுவில் யாரும் மன்னிப்பதில்லை. மிஸ் பதிவேட்டை எடுத்து, என் வரியைச் சிவப்பு மையால் அடித்தார். என்ன கொடுமை என்றால், நான் அடித்து விட்டதாகச் சொன்னதை ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை!

மே 10, சனி
ஏரிக்கரை. ஒரு கதிர்க்குருவிக்கு நூறு லென்ஸ். நீலச்சிறகுக் கதிர்க்குருவி ஒன்றை நான்தான் முதலில் பார்த்தேன். சொன்னேன்.
"வேற யாராச்சும் பாத்தீங்களா?" என்றாள் ஒடெஸா. ஒடெஸா!
"நான் பாத்தேன்" என்றான் எவரெட். வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான், கழுதை.

மே 29, வியாழன்
நான்கும் பொரிந்துவிட்டன. இரண்டு தடவை எண்ணினேன். எங்கும் எழுதவில்லை, இங்கே தவிர.