நீ நிறுத்திய பாடத்துக்கு அடுத்த பாடம்

ஏட்டி பாக்கியம்,

ஏட்டி போடாமல் கூப்பிட்டால் நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வாய். அதனால் இப்படியே தொடங்குகிறேன். சின்னவள் சங்கரி வாசிக்கிறாள். அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பழைய பேப்பர் கடையில் நீ தேடிப் பிடித்தாயே, தாத்தா காலத்து அச்சு, முதல் புத்தகத்திலிருந்து ஐந்தாம் புத்தகம்வரை படிப்படியாக ஏறிப்போகும் அந்த வாசகப் புத்தகங்கள். மூத்தவள் கோமதி அதில்தான் எழுத்துக் கூட்டக் கற்றாள். பள்ளிக்கூடத்தில் பாடம் முழுவதையும் மனப்பாடமாக ஒப்பித்தவளுக்கு, பஸ் ஸ்டாண்டில் 'திருவேங்கடம்' என்ற போர்டை வாசிக்கத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்த அன்றைக்குத்தானே, பள்ளிக்கூடம் வேண்டாம், இரண்டு பேருக்கும் வீட்டிலேயே நானே சொல்லித் தருகிறேன் என்றாய்? தெருவே உன்னைக் கோட்டிக்காரி என்றது. நீ சிரித்துக்கொண்டே கிழிந்த பக்கங்களுக்குப் பசை தடவினாய்.

சங்கரியை இரண்டாம் புத்தகத்தில் கிணற்றுப் பாடம்வரை கொண்டுவந்திருந்தாய். அப்போது உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்ததும் திருவேங்கடத்திலிருந்து உன் அண்ணன் வந்தார். "மாப்ள, நீங்க தறியப் பாப்பியளா, பிள்ளையளப் பாப்பியளா? ரெண்டு பேரையும் ஹாஸ்டல்ல சேத்துருவோம்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியுமா? உன்னைத் தூக்கி வளர்த்தவர். பேசும்போதே குரல் உடைந்துபோனது.

"பொங்கல் வரைக்கும் பொறுங்க மச்சான். அதுக்குள்ள சின்னவ வாசிக்கலன்னா நீங்க சொல்லுதபடி செய்யுதேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, சொல்லித்தர எனக்கு என்ன தெரியும்?

கரண்ட் போய்த் தறி நிற்கும்போதெல்லாம் வீட்டுக்கு ஓடிவருவேன். சங்கரி பக்கத்தைத் திருப்பவே விடமாட்டாள். "இது வரைக்கும்தான் அம்மா சொல்லித் தந்தா. மிச்சத்த அம்மா வந்து சொல்லித் தரட்டும்" என்பாள். கிணற்றுப் பாடத்தையே திரும்பத் திரும்ப வாசிப்பாள். நீ வரமாட்டாய் என்று ஒரு பிள்ளையிடம் எத்தனை முறைதான் சொல்வது? கேட்டுக்கொண்டிருந்த கோமதிதான் அழுதாள்.

ஒருநாள் சங்கரி விளையாடப் போனதும் அடுத்த பாடத்தை நானே படித்துப் பார்த்தேன். அப்போதுதான் அந்தப் புத்தகத்தின் சூட்சுமம் பிடிபட்டது. பாடத்தின் தலையில் புதுச் சொற்கள் நாலே நாலு. மற்றதெல்லாம் முந்தைய பாடங்களில் வந்தவை. இதை ஏன் நீ என்னிடம் சொல்லவே இல்லை?

அவள் வந்ததும் பக்கத்தில் உட்காரவைத்தேன். "இந்தா பாரு. புதுசு இந்த நாலு வார்த்தைதான். அத நான் வாசிக்கேன். மிச்சமெல்லாம் உங்கம்மா சொல்லித் தந்தது. அத நீ வாசி."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

நம்பாமல் விரலை வைத்துத் தேடினாள். மழை, அம்மா சொல்லித் தந்தது. மாடு, அம்மா. வந்தது, அம்மா. பிறகு மெல்ல வாசிக்க ஆரம்பித்தாள். 'குடை' வந்ததும் நின்று என்னைப் பார்த்தாள். நான் வாசித்தேன். அப்படியே அந்தப் பக்கம் முடிந்தது.

கொஞ்ச நாள் இப்படித்தான் போனது. பிறகு ஒரு மத்தியானம் 'படகு' என்ற புதுச் சொல் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "சும்மா இருங்கப்பா, நானே சொல்லுதேன்" என்று எழுத்துக் கூட்டிச் சொல்லிவிட்டாள்.

பொங்கலுக்கு உன் அண்ணன் வந்தார். அவர் முன்னால் உட்கார்ந்து, வழிதவறிய மாட்டின் கதையை ஒரு பக்கம் முழுக்க வாசித்தாள். அவர் ஹாஸ்டல் பேச்சை எடுக்கவே இல்லை. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெறவு அந்த மாட்டுக்கு என்னாச்சு மக்கா?" என்றார். சங்கரி தானாகவே பக்கத்தைத் திருப்பினாள்.

இப்போது கோமதி, பள்ளிக்கூடத்துக்கு மறுபடி போகட்டுமா என்று கேட்கிறாள். வாசிக்கத் தெரிந்த தைரியம். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "போட்டுமே" என்றுதான் சொல்லியிருப்பாய், இல்லையா?

உன்னைப்போல் சொல்லித்தர எனக்கு வராது. ஆனால் ஒன்று சொல்கிறேன். அவர்கள் எங்கே படித்தாலும், தெரியாத சொல் வந்து நிமிர்ந்து பார்க்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன்.

பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கும்
உன் வீட்டுக்காரன்