வாசலில் கிடந்த செருப்பு

செவ்வாய், இரவு.

ஞாயிற்றுக்கிழமை என் வலைப்பதிவில் போட்டது அடுத்த வீட்டு ஜெசிந்தாவின் வாசல் படம். கண்ணில் படும் சின்னச் சின்ன அதிசயங்களைத்தானே அங்கே சேர்த்து வைக்கிறேன். கணவர் இறந்த பின்னும் அவருடைய செருப்பை அவள் தினமும் கழுவி வாசலில் வைக்கிறாள். அன்புக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா என்று எழுதியிருந்தேன். எதற்கும் வராத பாராட்டு இதற்கு வந்தது. ஊர் வாட்ஸப் குழுக்களிலெல்லாம் சுற்றியது.

இன்று மாலை அவளே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சார், அது பாசத்துல வச்சதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? துறைமுகத்துக்குப் போற லாரியெல்லாம் ராத்திரி நம்ம தெருவுலதான நிக்கு. உள்ள ஆம்பள இருக்கான்னு நெனைக்கட்டும்னுலா வச்சேன். பொம்பளப் பிள்ளையோட தனியா கெடக்கேன்னு இப்ப ஊருக்கே எழுதிட்டியளே. நேத்து ஒருத்தன் கதவத் தட்டி, ‘அண்ணன் செருப்ப எனக்குத் தாரியளாக்கா’ன்னு கேட்டுட்டுச் சிரிக்கான்.”

அவள் கண்முன்னேயே பதிவை நீக்கினேன்.

“குரூப்புல போனத எப்படி சார் அழிப்பிய?”

எங்கள் வீட்டில் வந்து படுத்துக்கொள்ளச் சொன்னேன். “எத்தன நாளைக்கு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வகுப்பில் எடுத்துக்காட்டு சொல், எடுத்துக்காட்டு சொல் என்று பிள்ளைகளை எத்தனை கேள்வி கேட்டிருப்பேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் வாசலில் செருப்பு இல்லை. தெருவில் ஒரு லாரி இன்ஜினை அணைக்காமல் நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம், பீரோவைக் கதவோரம் இழுக்கிற சத்தம் கேட்கிறது.